கொடுத்துச் சிவந்த கை

அத்தானுடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கூட்டம் வீடு கொள்ளவில்லை. ரிட்டயராகி, நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வடலூர் பக்கம் கட்டிக்கொண்ட சின்ன வீடு. வந்தவர்கள் ஆளுக்கு ஒரு சாமானைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர், தன் மகன் பாலிடெக்னிக் போய்வந்த சைக்கிள் அத்தான் கொடுத்தது என்றார். ஒரு அம்மாள், இன்றைக்கும் தன் வீட்டில் ஓடுகிற மிக்ஸி அத்தான் கொடுத்தது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தையல் மிஷின், பித்தளை அண்டா, மூங்கில் ஊஞ்சல் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. நான் பந்தியில் அப்பளம் வைத்துக்கொண்டே கேட்டேன். எல்லாம் எனக்குத் தெரிந்த சாமான்கள்தான். எல்லாம் என் அக்கா வீட்டில் இருந்தவை.

“கர்ணன்மா உங்க அத்தான்” என்றார் இலையில் உட்கார்ந்திருந்த ஒருவர். கர்ணன் தன் மேல் கிடந்ததை அறுத்துக் கொடுத்தான், பெண்டாட்டி கழுத்தில் கிடந்ததை அல்ல என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. காரிய வீடாயிற்றே. இன்னொரு அப்பளத்தை அவர் இலையில் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

நானும் அக்காவும் தென்காசிப் பக்கம். அக்கா கல்யாணமாகி முதலில் நெய்வேலிக்கு வந்தாள். பிறகு அத்தான் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்திலேயே இருந்த ஒருவருக்கு என்னையும் கட்டிவைத்தார்கள். அவள் ஒரு பிளாக், நான் அடுத்த பிளாக். நடுவில் ஒரு ரோடும் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்களும்தான். ஆகையால் அத்தானைப் பற்றி நான் சொல்வது யாரோ சொல்லிக் கேட்டதல்ல.

அவர் வீட்டுக்கு வந்து ஏதாவது ஒரு பொருளைப் பார்த்து, “நல்லாருக்கே” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது உங்களுடையது. கேட்க வேண்டியதில்லை. அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் அத்தான் எழுந்துவிடுவார். பரணில் இருக்கும் பழைய பேப்பரை எடுத்து, நாலு மூலையும் மடித்து, சணல் கயிறு போட்டு அழகாகக் கட்டுவார். அவ்வளவு நேர்த்தியாகப் பொட்டலம் கட்டும் ஆளை நான் கடையில்கூடப் பார்த்ததில்லை. வந்தவர் ஐயோ வேண்டாம் சார் என்று பதறுவார். “பொருளுக்கு என்ன சார், இன்னைக்கு எங்க வீட்ல, நாளைக்கு உங்க வீட்ல” என்பார் அத்தான். இந்த வசனத்தை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தச் சமயத்தில் அவர் பார்ப்பது பொருளை அல்ல, வாங்குகிறவரின் முகத்தை. அந்த முகம் மலர்வதைப் பார்த்தால் இவருக்கு வயிறு நிறைந்துவிடும். உள்ளே ஒரு முகம் வாடுவது அவர் கண்ணில் பட்டதே இல்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று எங்கள் அம்மா சொல்வாள், அது இவரைப் பார்த்துத்தான் சொன்னது.

ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். தன்னுடையது என்றாலும் அவர் யோசிக்க மாட்டார். ஒரு தரம் வேண்டுமென்றே அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நல்லாருக்கு அத்தான் என்றேன். அந்த நிமிஷமே கழற்றி என் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நைட் ஷிப்ட் முடித்த கையோடு பஸ் ஏறி வந்து, ரத்தம் கொடுத்துவிட்டு, அப்படியே திரும்பி அடுத்த ஷிப்டுக்குப் போன மனுஷன். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மனுஷன் கெட்டவராக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். நல்லவரிடம் மாட்டிக்கொண்டவளை யார் வந்து மீட்பது?

அந்த வீட்டில் ஒரு விசித்திரமான பழக்கம் அப்படித்தான் உண்டானது. பிடித்த பொருள் எதுவோ அதைத் திட்டுவது. அக்கா புதுச்சேலை எடுத்தால், “சாயம் போற சனியன், ஏன்தான் வாங்குனேனோ” என்பாள். அப்படியென்றால் அந்தச் சேலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அவள் மகள் சுகந்தி தீபாவளிக்குப் போட்ட பாவாடையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் தானே கேவலப்படுத்துவாள். அந்தப் பிள்ளைகள் புகழ்ந்துவிட்டால் பாவாடை கொடியிலிருந்து இறங்கிப் பேப்பருக்குள் போய்விடும் என்று அந்தக் குழந்தைக்கு ஆறு வயதிலேயே தெரியும். லவ் பேர்ட்ஸ் இரண்டு வளர்த்தாள், போய்விட்டன. மீன் தொட்டி வைத்தாள், அதையும் தண்ணீரோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எதையும் வளர்க்கவில்லை.

விருந்தாளி வந்தால் அக்கா நல்ல பலகாரத்தை ஒளித்துவைத்துவிட்டு, தீய்ந்த முறுக்கை வைப்பாள். நல்ல பாத்திரங்கள் கட்டிலுக்கு அடியில் சாக்குப் போட்டு மூடியிருக்கும். இதனால் பிளாக் முழுவதும் அவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஐயா தங்கம், அந்தம்மாதான் கொஞ்சம் கையிறுக்கம் என்று. அத்தான் காதுக்கும் இது வரும். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படி, கஷ்டப்பட்ட குடும்பம் பாருங்க என்று பெருந்தன்மையாக மன்னித்துவிடுவார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். கஷ்டப்பட்டது கல்யாணத்துக்குப் பிறகுதான் என்று முகத்துக்கு நேரே ஒரு நாள் சொன்னேன். அவர் நான் ஏதோ தமாஷ் பண்ணியதுபோலச் சிரித்தார்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கோயம்புத்தூர்க்கார அம்மா ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்துபோய்விட்டது. யாராவது கேட்டைத் திறந்துகொண்டு வருவதைப் பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, “உங்க மல்லிப்பூச் செடி நல்லாவே இல்லீங்க” என்று சத்தமாகக் குரல் கொடுப்பாள். அக்கா உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அக்கா சிரித்து நான் பார்த்தது அந்த மாதிரிச் சில தடவைகள்தான்.

சுகந்தி படிக்கப் போய் ஹாஸ்டலில் சேர்ந்த வருஷம் மழைக்காலத்தில் அந்த நாய் வந்தது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடுகிற கால்வாயில் நனைந்து நடுங்கிக்கொண்டு ஒரு குட்டி. வெள்ளையுமில்லை, பழுப்புமில்லை. ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று விழுந்திருக்கும். அக்கா அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து அடுப்பங்கரை மூலையில் போட்டாள். எனக்குப் போன் பண்ணி, “ஏட்டி, ஒரு மூதி வந்து சேந்திருக்கு, வந்து பாரு” என்றாள். எங்கள் ஊரில் மூதி என்றால் திட்டு. அதுதான் அதற்குப் பெயராயிற்று.

அந்த ஒரு ஜீவனுக்காக அக்கா போட்ட வேஷம் கொஞ்சமல்ல. வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் அதைக் குளிப்பாட்ட மாட்டாள். சாம்பலில் புரளவிட்டு அழுக்காக வைத்திருப்பாள். வந்தவர்களிடம், சொறி பிடித்த நாய், கடிக்கும், கிட்டே போகாதீர்கள் என்பாள். அவர்கள் போனதும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, பழைய துண்டால் துவட்டி, மடியில் போட்டுக்கொள்வாள். “செத்த மூதி, நாசமாப் போற மூதி” என்று கொஞ்சுவாள். அது வாலை ஆட்டி ஆட்டி இடுப்பே வளையும். உலகத்திலேயே திட்டினால் சந்தோஷப்படுகிற நாய் அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

அத்தானுக்கு செகண்ட் ஷிப்ட் என்றால் சாயங்காலங்களில் நான் அங்கே போய்விடுவேன். அக்கா வயர் கூடை பின்னுவாள். மூதி வயர் நுனியைக் கவ்விக்கொண்டு போய்ப் பலா மரத்தைச் சுற்றிவரும். பின்னிய கூடையையே ஒரு நாள் தலையில் மாட்டிக்கொண்டு வழி தெரியாமல் துளசிச் செடியில் போய் மோதியது. நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மெயின் பஜாருக்கு நடந்து போனால் கூடவே வரும். கறிகாய்க்காரரிடம் அக்கா பேரம் பேசி முடிக்கும்வரை பையின் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு காவல் காக்கும். சுரங்கத்துக்குப் போய்வருகிற ஷிப்ட் பஸ் சத்தத்தை அது தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடும். உடனே எழுந்து பின்கட்டுக்குப் போய் மூலையில் படுத்துக்கொள்ளும். எஜமானுக்கு முன்னால் கொஞ்சல் கூடாது என்று அதற்கும் பழகிவிட்டது.

எனக்கு அக்காவை அந்த ஒன்றரை, இரண்டு வருஷத்தில்தான் அக்காவாகப் பார்க்க முடிந்தது. இது நெலைக்குமாட்டி என்று ஒரு நாள் கேட்டாள். நெலைக்கும், யாரு இந்த மூஞ்சிய நல்லாருக்குன்னு சொல்லப்போறா என்றேன்.

சொல்ல ஆள் வந்தது. கம்மாபுரம் பக்கத்திலிருந்து, சுரங்கத்தில் அத்தான் இருந்த ஒர்க்ஷாப்பில் கான்ட்ராக்டில் வேலை செய்கிற ஒருவர், மனைவியோடு வந்தார். மகளுக்குக் காதுகுத்து, பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். முன்கூட்டித் தகவல் சொல்லவில்லை. அன்று பார்த்து அக்கா மூதியைக் குளிப்பாட்டி வெயிலில் விட்டிருந்தாள். ரோமம் பளபளவென்று இருந்தது. கேட்டுக்கு வெளியில் போன மாட்டைப் பார்த்து அது குரைத்த குரைப்பில் மாடு திரும்பி ஓடியது. வந்தவரின் மனைவி வெள்ளந்தியாகச் சொன்னாள். “நல்லா வளத்துக்கினு இருக்கீங்கம்மா. இதுமாரி ஒண்ணு எங்க வூட்டாண்ட இருந்தா முந்திரிக் கொல்லைக்குப் பன்னி வராது.”

நான் அடுப்பங்கரையில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் கை நின்றுவிட்டது. கூடத்தில் அத்தானின் நாற்காலி கிரீச்சென்று நகர்கிற சத்தம் கேட்டது. நாயைப் பேப்பரில் சுற்ற முடியாது. ஆகையால் துணி காயப்போடுகிற கொடிக் கயிற்றை அறுத்து, கழுத்தில் ஒரு சுருக்குப் போட்டு, அந்தக் கான்ட்ராக்ட்காரர் கையில் கொடுத்தார். அவர் வேணாங்க, வேணாங்க என்று பின்வாங்கினார். வசனம் வந்தது. பொருளுக்கு என்ன, இன்னைக்கு எங்க வீட்ல. மூதி அவர்களுடைய மொபெட்டில் காலடியில் நின்றுகொண்டு, என்னவோ பஜாருக்குப் போகிறதுபோல அக்காவைப் பார்த்து வாலாட்டிக்கொண்டே போனது.

நாலாம் நாள் திரும்பி வந்துவிட்டது. சுரங்கத்து மண்மேட்டைச் சுற்றி, லாரி போகிற ரோடெல்லாம் தாண்டி, கழுத்தில் அறுந்த கயிற்றோடு. உடம்பெல்லாம் நிலக்கரித் தூசி. அக்கா அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். நல்ல வேளை என்று நானும் நினைத்தேன். நாயே முடிவு செய்துவிட்டது, இனி யார் என்ன சொல்வது? அந்தக் கான்ட்ராக்ட்காரரும் பின்னாலேயே தேடிக்கொண்டு வந்தார். நாய் அக்காவின் காலை நக்கிக்கொண்டு கிடப்பதையும் அவள் கண்ணையும் பார்த்தார். புரிந்துகொள்கிற மனுஷன்.

“இது உங்க வூட்டுலயே இருக்கட்டுங்க சார். அங்க சோறே திங்கலங்க. நான் மனசார சொல்றங்க” என்றார்.

அத்தான் முகம் கடுத்துவிட்டது. “குடுத்தத திரும்ப வாங்குற வழக்கம் இந்த வீட்ல கெடையாது” என்றார். அப்புறம் தன் ஸ்கூட்டரிலேயே அதை வைத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்.

வாங்கியவருக்கு வேண்டாம், கொடுத்த வீட்டுக்கு வேண்டும், நாய்க்கும் இங்கேதான் வேண்டும். ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அது கம்மாபுரத்தில் இருக்க வேண்டியிருந்தது. அவருக்கும் நாய்மேல் ஆசையில்லை, கோபமுமில்லை. கொடுத்தேன் என்ற சொல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். தானமாம், தானம். வாயில் மண்ணைப் போட.

அன்று சாயங்காலம் அக்கா அவரிடம் கேட்டாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் எனக்கு வேண்டும் என்று கேட்டது அந்த ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். என் முன்னால்தான் கேட்டாள். வேறு எதை வேண்டுமானாலும் கொடுங்கள், அண்டா போனது, மிஷின் போனது, நான் வாயைத் திறந்தேனா, இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்றாள். அத்தான் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஒரு தெருநாய்க்கு இவ்வளவா, அடுத்த மாசம் நல்ல ஜாதி நாயாக வாங்கித் தருகிறேன் என்றார். எனக்கு இதுதான் வேண்டும் என்றாள் அக்கா. அப்போ என் வாக்குக்கு என்ன மரியாதை என்று கேட்டுவிட்டு, டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

மூதி மறுபடியும் வந்தது. மறுபடியும் ஸ்கூட்டர். அங்கே அவர்கள் பாவம், வேறு வழியில்லாமல் சங்கிலி வாங்கிப் போட்டார்கள். அதையும் எப்படியோ உருவிக்கொண்டு வந்துவிட்டது. கழுத்தைச் சுற்றிப் புண். நடுவழியில் ஏதோ வண்டி தட்டியிருக்கிறது, பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்ற முடியவில்லை. மூன்று காலால் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அடுத்த தடவை லாரிக்காரன் தப்பவிட மாட்டான் என்று பார்த்தாலே தெரிந்தது.

அப்படி அது வந்து சேர்ந்தது ஒரு மத்தியானம். அத்தான் முதல் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். நானும் அக்காவும் பின்பக்கம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். மூதி வேலிச் சந்தில் நுழைந்து, நொண்டிக்கொண்டே வந்து, அக்காவின் காலடியில் விழுந்தது. அக்கா அதன் கழுத்துப் புண்ணைப் பார்த்தாள். காலைத் தொட்டுப் பார்த்தாள். மஞ்சள் எடுத்துவர நான் எழுந்தபோது, இரிட்டி என்றாள். ரொம்ப நேரம் அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து நின்று, “போ மூதி. போயிரு” என்றாள்.

அது வாலாட்டியது. அதற்குத் தெரிந்த கொஞ்சலே அதுதானே. இன்னும் குரலை உயர்த்தி, செத்த மூதி, நாசமாப் போற மூதி, போ என்று கத்தினாள். கத்தக் கத்த அது மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. அக்கா குனிந்தாள். கீழே கிடந்த ஜல்லிக் கல் ஒன்றை எடுத்து எறிந்தாள். முதல் கல் தள்ளி விழுந்தது. விளையாடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அது எழுந்து கல்லை மோந்து பார்த்தது. இரண்டாவது கல்லை அக்கா குறிபார்த்து எறிந்தாள். அடிபட்ட காலிலேயே பட்டது.

அந்தச் சத்தத்தை நான் எழுத முடியாது. அது சந்துக்குப் போய் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. அக்கா மூன்றாவது கல்லை ஓங்கினாள். மூதி போய்விட்டது.

நாய் போட்ட சத்தத்தில் அத்தான் எழுந்து வந்தார். லுங்கியை இறுக்கிக்கொண்டே, வேலிக்கு வெளியே நொண்டிப் போகிற நாயையும் அக்கா கையிலிருந்த கல்லையும் பார்த்தார். அவர் முகத்தில் நான் அப்படி ஒரு நிறைவை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என்னிடம் சொன்னார்:

“பாத்தியாம்மா, ஒங்க அக்காவுக்கும் கடைசியில குடுக்கிற மனசு வந்துட்டு.”

அக்கா கல்லைக் கீழே போடவில்லை. கையை அவருக்கு நேராக நீட்டினாள்.

“இந்தக் கையையும் யாருக்காவது குடுத்துருங்க. எனக்கு வேண்டாம்” என்றாள்.

அத்தான், வெயிலில் நிற்காதே, உள்ளே வா என்றார். இரண்டு நாள் கழித்துக் கம்மாபுரத்திலிருந்து போன் வந்தது. நாய் வந்து சேர்ந்துவிட்டதாம், சோறு தின்கிறதாம், இப்போது கட்டாமலே கிடக்கிறதாம். அத்தான் அதை அடுப்பங்கரை வாசலில் வந்து நின்று அக்காவிடம் நல்ல செய்தியாகச் சொன்னார்.